சொல்லாமல் பொரித்த பாப்கார்ன்

வடசென்னை எர்ணாவூரில் நாங்கள் குடியிருக்கும் பிளாக்கில் பதினாறு வீடுகள். பதினாறு வீட்டுக்காரர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகத்தில் ஈரத்துணியோடு தெருவில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். காரணம், பாப்கார்ன். அடுத்த தெருவில் இதை வேறுமாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். சிரிக்க நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

பாப்கார்னுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டு வெயில் திரும்பியிருந்த ஒரு சனிக்கிழமை மதியம். என் மனைவி திருவொற்றியூரில் அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்குப் போயிருந்தாள். எனக்கு ராயபுரத்தில், கப்பல் சரக்குகளுக்கு ஆவணம் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அன்று அரை நாள். வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, “அப்பா, ஏதோ வருதுப்பா” என்றாள்.

“என்ன வருது?”

“வாசன. மூக்குல குத்துது.”

நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் தொழிற்சாலைகள் இருக்கிற இங்கே வாசனை வருவது ஒரு செய்தியே அல்ல. காலையில் ஒன்று வரும், காற்று திரும்பினால் இன்னொன்று வரும். அதற்குள்தான் சோறு வடிக்கிறோம், துணி காயப்போடுகிறோம், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கிறோம். “ஒண்ணுமில்ல, கணக்க முடி” என்றேன். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தப் பார்த்தாள். “புழுங்கும், தெறந்தே இருக்கட்டும்” என்றேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

கொஞ்ச நேரத்தில் எனக்கும் கண் எரிந்தது. அவள் இருமத் தொடங்கினாள். இருமல் நிற்காமல் நாற்காலியிலிருந்து சரிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியபோது படிக்கட்டு முழுக்க ஆட்கள். யாருக்கும் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. பக்கத்திலிருக்கும் ஒரு தொழிற்சாலையில் குழாய் கசிந்திருக்கிறது என்று சாயங்காலம் பேசிக்கொண்டார்கள். என்ன வாயு என்பது எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘புழுங்கும்’ என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜன்னலில் நின்று மோந்து பார்ப்பாள். பிறகு நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தாண்டிக்கொண்டு கதவைத் திறந்து, இரண்டு மாடி இறங்கி, முதல் மாடி மீன்கார அக்காவிடம் போய்க் கேட்பாள்: “அக்கா, உங்களுக்கு எதுனா வருதா?” அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். ஐஸ் வைத்த மீன் எத்தனை நாள் மீன் என்று கூடையைத் திறக்காமலே சொல்லிவிடுகிற மூக்கு. “ஒண்ணும் இல்லம்மே, போய்ப் படி” என்று அவர் சொன்னால் மகள் திரும்பி வருவாள். நான் சொன்ன அதே வார்த்தைதான். அவர் சொன்னால் நம்புவாள்.

இந்த இரண்டு வருடமாக எனக்கு இருந்தது ஒரே ஆசை. அவள் ஒரு நாள் மறுபடியும் என்னிடம் கேட்க வேண்டும்.

எங்கள் பிளாக்கில் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் நடுவிலிருக்கும் ஒரு குறுகலான சந்தில் திறக்கும். தரையிலிருந்து மொட்டைமாடி வரை போகிற சந்து. அதை டக்ட்டு என்போம். ஒரு வீட்டில் தாளித்தால் மற்ற வீடுகளில் தும்மல் கேட்கும். கசிவு நடந்த அடுத்த வாரம் யாரோ மிளகாய் வறுத்தார்கள். அந்த நெடிக்குப் பாதி பிளாக் படி இறங்கி ஓடியது. அன்றைக்கு மீன்கார அக்கா டக்ட்டுப் பக்கம் தலையை நீட்டி ஒரு சட்டம் போட்டார்.

“யார் வூட்ல மொளவா வறுத்தாலும், கருவாடு சுட்டாலும், ஒரு சவுண்டு குட்த்துட்டு செய்ங்க! இல்லாங்காட்டி நாங்கோ டெய்லி ஓடிகினேதான் இருக்கணும்!”

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. “ரெண்டாவது மாடி, மொளவா!” என்று ஒரு குரல் வரும். “வறு, வறு!” என்று மேலேயிருந்தோ கீழேயிருந்தோ யாராவது பதில் கொடுப்பார்கள். பதில் வந்த பிறகுதான் சட்டியில் மிளகாய் விழும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு “கீழ் வூடு, சாம்பிராணி!” கொசுவர்த்திக்குக்கூடக் குரல் கொடுக்கிற வீடு ஒன்று உண்டு.

என் வீட்டில் குரல் கொடுப்பவள் என் மனைவி. நான் கொடுத்ததில்லை. கூச்சம்தான். பிளாக்கில் பி.ஏ. படித்தவன் நான். எந்த அலுவலகத்துக்கு மனு என்றாலும் எழுதித் தருகிறவன் நான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவன் ஜன்னலில் தலையை நீட்டி ‘கருவாடு’ என்று எப்படிக் கத்துவது? வாட்ஸப் குழுவில் எழுதிப்போடுவேன். ‘அன்புடையீர், எங்கள் இல்லத்தில் இன்னும் பத்து நிமிடங்களில் மிளகாய் வறுக்கப்பட உள்ளது.’ அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

இனி பாப்கார்ன்.

கசிவுக்கு முன்பு மாதம் ஒரு படம் பார்ப்போம், மூன்று பேரும். படம் எப்படி இருந்தாலும் இடைவேளை பாப்கார்ன் மகளுக்குக் கட்டாயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஒரு வருடம் அவள் தியேட்டர் பேச்சையே எடுக்கவில்லை. ஒருமுறை நாங்களாகக் கூட்டிப்போனோம். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. கதவுகளைச் சாத்தி உள்ளே தாழ் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் எழுந்து நின்றாள். டப்பாவைக் கையில் பிடித்தபடியே மற்றவர் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெயர் போடும் முன்பே நாங்கள் பஸ் ஸ்டாப்பில் இருந்தோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பாப்கார்னை அவள் ஒவ்வொன்றாகத் தின்றாள். மூக்கை டப்பாவுக்குள் விட்டு மோந்து பார்த்தாள். “தியேட்டர் வேணாம்மா. இந்த வாசன மட்டும் வீட்ல வந்தா போதும்” என்றாள் அம்மாவிடம். நான் முன் சீட்டில் இருந்தேன். எந்த வாசனை வந்தாலும் ஜன்னலைச் சாத்துகிற பிள்ளை, ஒரு வாசனை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

பாக்கெட்டில் வருவதை வாங்கிக் குக்கரில் போட்டுக் கொடுத்தேன். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். நல்லாத்தான் என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது. பசு வெண்ணெய் உருக்கி ஊற்றிப் பார்த்தேன். சோளம் நமுத்துப்போய் ரப்பர் மாதிரி இழுத்தது. வீடியோக்கள் பார்த்தேன். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் தியேட்டர்களுக்குச் சரக்குப் போடுகிற ஒரு மொத்தக்கடையைத் தேடிப் போனேன். கடை பாய்க்கு என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“வெண்ணெய் ஊத்துறாங்கோன்னு நெனச்சிகினு கீறீங்களா சார்? நல்லா ஊத்துனாங்கோ! எல்லாம் தேங்காண்ணெ. வாசன எட்த்த எண்ணெ, மஞ்சக் கலரு போட்டு வரும். அப்பால இந்த உப்பு.”

ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மஞ்சளாக, மாவு மாதிரி. விரலால் தொட்டால் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மோந்து பார்த்தேன். தியேட்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதே வாசனை. உப்பை மோந்து பார்த்துக் கண்கலங்குகிற ஆளை பாய் முன்பு பார்த்திருக்க மாட்டார்.

“தியேட்டர்ல எண்ணெயோடயே இந்த உப்பயும் போட்டுடுவாங்கோ. அந்தச் சட்டிக்குள்ள கம்பி ஒண்ணு சுத்திகினே கீது, அடி புடிக்காது. உங்க வூட்டு அடுப்புல அந்த வேல வாணாம் சார். பொரிச்சி எறக்கிட்டு மேல தூவுங்கோ.”

தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தது வேறு. தியேட்டரில் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே செய்தால்தானே அந்த வாசனை வரும்? கம்பி இல்லாவிட்டால் என்ன, கரண்டி இருக்கிறதே.

ஞாயிறு நான்கு மணி. மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் செய்து முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எண்ணம். அடி கனமான பிரியாணிச் சட்டியை ஏற்றினேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, “ஏங்க, டக்ட்டுல ஒரு குரல் குடுத்துட்டுச் செய்ங்க” என்றாள்.

“பாப்கார்னுக்கெல்லாமா குரல் குடுப்பாங்க?” என்றேன்.

தேங்காயெண்ணெய் உருகியது. உப்பைப் போட்டேன். சோளத்தைப் போட்டு மூடினேன். கரண்டியை விட்டுக் கிளற மூடியைத் திறந்தால் சோளம் முகத்தில் அடித்தது. மறுபடி மூடினேன். சோளம் படபடவென்று வெடித்த சத்தத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடியில் உப்பு கருகிக்கொண்டிருந்தது அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. மூடி ஓரத்தில் வந்த புகை முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. தேங்காயெண்ணெய் தீய்ந்தால் எழும் புகையை மோந்தவர்களுக்குத் தெரியும், அது மூக்கைத் தொடுவதற்கு முன் கண்ணைக் கடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்தேன். புகை டக்ட்டுக்குள் போனது.

ஓர் இருமல் கேட்டது. பிறகு இரண்டு. பிறகு கீழேயிருந்து ஒரு பெண்குரல் கிழிந்தது.

“கேஸு வந்துட்ச்சு! எறங்கு, எறங்கு! துணிய நனச்சிக்கோ!”

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். நானும் ஓடினேன். கருகிய சட்டிக்கு முன்னால் கரண்டியோடு நின்றிருந்தவன் அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் மறந்தேன். துண்டைக் குழாயில் நனைத்தேன். மகள் அதற்குள் துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மனைவியும் வந்தாள். படிக்கட்டில் ஒருவரும் முட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் ஓரத்தில். அந்த மதியத்துக்குப் பிறகு யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டிருக்கிறோம். தெருமுனையில் ஒரு கட்சிக் கொடிக்கம்பம் உண்டு. இறங்கியதும் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடக்கூடாது. அன்று கொடி கடல் பக்கத்திலிருந்து உள்ளே பறந்தது. நாங்கள் குறுக்கே, மைதானத்துப் பக்கம் ஓடினோம்.

மைதானத்தில் நின்று மூச்சு வாங்கும்போது மகள் துப்பட்டாவை இறக்கி மோந்தாள். என் பக்கம் திரும்பினாள். கிட்டே வந்து என் சட்டைத் தோளில் மூக்கை வைத்தாள்.

“அப்பா, ஒன் சட்டைல கருகுன எண்ணெ வாசன.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் இன்னும் கரண்டி இருந்தது. கரண்டி முனையில் ஒரே ஒரு பாப்கார்ன் ஒட்டிக்கொண்டிருந்தது.

மீன்கார அக்கா கடைசியாக நொண்டிக்கொண்டு வந்தார். கடைசிப் படியில் கால் பிசகியிருந்தது. கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“பாப்கார்ன் போட்டேன்க்கா. கருகிடுச்சு.”

“சவுண்டு குட்த்தியா?”

“இல்ல. பாப்கார்ன்தானேன்னு...”

“பாப்கார்னோ பாயாசமோ, பொகஞ்சா பேஜாருதான? பி.ஏ. பட்ச்ச வாயி, தொறந்தா இன்னா முத்தா உதிர்ந்துடும்?”

நான் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னாலும் போய் நின்றேன். என் வீடு, என் அடுப்பு, தேங்காயெண்ணெயும் உப்பும் கருகியது, உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். திட்டியவர்கள் திட்டினார்கள், சிரித்தவர்கள் சிரித்தார்கள். அக்காவை ஆட்டோவில் கூட்டிப்போய்க் காலுக்குக் கட்டுப் போட்டுவந்தேன். திரும்பும்போது மகள் வாசலில் நின்றாள்.

“நீ ஏன்பா கத்தல?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

யாரோ நாங்கள் ஓடியதைப் படம் பிடித்திருந்தார்கள். இரண்டு நாளில் விம்கோ நகர் வரை எங்களுக்கு ‘பாப்கார்ன் பிளாக்கு’ என்று பெயர். டீக்கடையில், “இன்னா மாமு, இன்னிக்கு இன்டர்வெல்லு எத்தினி மணிக்கு?” என்றார்கள். நான் டீயை முழுசாகக் குடிக்காமல் வந்துவிடுவேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலை நான் திறக்கவில்லை.

அடுத்த மாதம் சமூகநலக் கூடத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். கசிவு நடந்த அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவரிடம் எங்கள் மனு ஒன்று இருந்தது. நான் எழுதியதுதான். ஏதாவது கசிந்தால் எங்கள் தெரு வரை கேட்கிறமாதிரி ஒரு சைரன் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். கூட்டத்துக்கு எல்லோரும் போனோம். மகளும் வந்தாள், ஆனால் உள்ளே உட்காரவில்லை. திறந்த கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு கால் வெளியே இருக்கும்படி நின்றாள்.

அதிகாரி மரியாதையானவர். திரையில் படங்கள் காட்டினார். ‘பதற்றம் வேண்டாம்’ என்று ஒரு படம். பிறகு மனுவைக் கையில் எடுத்தார்.

“உங்க கோரிக்கைய படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. போன மாசம் யாரோ ஒருத்தர் பாப்கார்ன் கருக்கினதுக்கே நீங்க எல்லாரும் ரோட்டுக்கு வந்துட்டீங்க. நான் தப்பா சொல்லல. மனசு பயந்துபோச்சு. அன்னைக்கு நடந்ததுலயும் பாதிக்குமேல இந்த பயம்தான். இதுல சைரனும் வெச்சா தினமும் பயந்துக்கிட்டே இருப்பீங்க.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எங்கள் ஆட்களே சிரித்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். மகள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்கள் தெருவில் முகாம் போட்ட ஒரு டாக்டரும் அவளைப் பார்த்து, “பயம்தான்மா, வேற ஒண்ணுமில்ல” என்று முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார். அன்றும் அவள் இப்படித்தான் தரையைப் பார்த்தாள். அதற்கும் முன்பு ஒருமுறை, ‘ஒண்ணுமில்ல, கணக்க முடி’ என்று நான் சொன்னபோதும்.

நான் எழுந்தேன். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“பாப்கார்ன கருக்கின ஆள் நான்தான் சார்.”

மறுபடி சிரிப்பு. அதிகாரியும் புன்னகைத்தார். “பரவால்ல சார், உக்காருங்க.”

“இல்ல சார், பேசிட்டு உக்கார்றேன். கருக்கி பத்து நிமிஷத்துல மைதானத்துல நின்னு சொன்னேன். கருகினது என்ன, யார் வீட்டுல, ஒடம்புக்கு என்ன ஆகும்னு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியா சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கால் பிசகின அக்காவ நானே கூட்டிட்டுப் போய் கட்டுப் போட்டேன். அது வெறும் எண்ணெ. உங்க எடத்துல கசிஞ்ச அன்னைக்கு என் பொண்ண தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்னத்த மோந்துச்சுன்னு டாக்டர் கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. மூணாவது நாள்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

சிரிப்பு நின்றிருந்தது. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன ‘பயம்’ என்ற சொல் நிறுத்த விடவில்லை.

“அன்னைக்குப் பாதி பயம்தான்னு சொன்னீங்க. அன்னைக்கு எங்க பிளாக்ல பயப்படாத ஆளு நான் ஒருத்தன்தான் சார். என் பொண்ணு ஏதோ வருதுன்னு சொன்னா. அவதான் மொதல்ல சொன்னா. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஜன்னல சாத்தப் போனவள சாத்தாதன்னு சொன்னேன். நான் பயந்திருந்தா அவ ஆஸ்பத்திரில படுத்திருக்க மாட்டா. இனிமே நாங்க பயப்படுவோம். பாப்கார்னுக்கும் பயப்படுவோம். அத வெச்சு எங்க மூக்கு பொய்யின்னு நீங்க சொல்லக் கூடாது.”

இதை நான் அதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி.

பின் வரிசையிலிருந்து மீன்கார அக்காவின் குரல் வந்தது. கால்கட்டோடு எழ முடியாமல் உட்கார்ந்தபடியே.

“ஐயா, நாங்கோ நாலு மொளவா வறுக்கறதுக்கே சவுண்டு குட்த்துட்டு வறுக்கறோம். நீங்கோ இம்மாம் பெரிய அடுப்பு வெச்சிகினு கம்முனு கீறீங்கோ. ஒரு சவுண்டு குடுங்கோன்னுதான கேக்குறோம்? அத்த வுட்டுட்டு பயம் கியம்னு படங்காட்டிகினு!”

கூடம் கைதட்டியது. அதிகாரி தண்ணீர் குடித்தார். அடுத்த படத்தைப் போட்டார். சைரன் இன்றுவரை வரவில்லை. நான் இப்போது மூன்றாவது மனு எழுதியிருக்கிறேன். முதல் மனுவில் ‘சிறிதளவு மூச்சுச் சிரமம்’ என்று எழுதியிருந்தேன்; அலுவலக மொழிக்கு அதுதான் அழகு என்று நினைத்தவன். மூன்றாவதில் ‘என் மகள் நாற்காலியிலிருந்து விழுந்தாள்’ என்று இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு மறுபடி அதே சட்டியை ஏற்றினேன். மனைவி கைகட்டிக்கொண்டு பார்த்தாள். நான் ஜன்னலைத் திறந்து டக்ட்டுக்குள் தலையை நீட்டினேன். முதல் தடவை குரல் வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தேன்.

“மூணாவது மாடி... பாப்கார்ன்!”

டக்ட்டு நாலா பக்கமும் வெடித்தது. “போடு, போடு!” “சார் கத்துறாருடி!” “கருக்காம போடு மாமு!” “மெதுவா போடு நைனா, அக்காவுக்கு இன்னொரு கால்தான் கீது!” மகள் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை உப்பு, பாய் சொன்னபடி, இறக்கிய பிறகுதான்; மற்றதெல்லாம் வீடியோவில் பார்த்தபடி. எண்ணெயில் மூன்று சோளம் மட்டும் போட்டுக் காத்திருந்தேன். மூன்றும் வெடித்ததும் அடுப்பை விட்டு இறக்கி, மற்றதைப் போட்டு, அரை நிமிடம் பொறுத்து மறுபடி ஏற்றினேன். மூடியை முழுக்கச் சாத்தவில்லை. ஆவி போக ஒரு விரல் இடைவெளி. ஆவி உள்ளேயே நின்றால்தான் ரப்பர் ஆகிறது. சட்டியின் காதைப் பிடித்துக் குலுக்கினேன். வெடிக்கத் தொடங்கியது. உப்புப் பொட்டலத்தை மகள் கையில் கொடுத்தேன். அவள் அதை மோந்து பார்த்தாள். “அய்யோ, இதேதான்பா” என்றாள்.

வெடிப்பு நல்ல வேகத்தில் இருந்தபோது அவள் முகம் மாறியது. பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி, அம்மாவைப் பார்க்காமல், வாசல் கதவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா, ஏதோ வருதுப்பா.”

நான் மோந்தேன். எனக்குத் தேங்காயெண்ணெயும் சோளமும்தான் வந்தது. அடுப்பை அணைத்தேன். துண்டை நனைத்து அவளிடம் கொடுத்தேன், இன்னொன்றை மனைவியிடம். ஜன்னலில் தலையை நீட்டினேன். இந்த முறை கனைக்கவில்லை.

“எல்லாரும் எறங்குங்க! பாப்கார்ன் இல்ல, வேற வாசன! எறங்குங்க!”

இறங்கினோம், பதினாறு வீடும். கொடி துவண்டு கிடந்தது, காற்றே இல்லை. மைதானத்துக்குப் போனோம். படியில் இறங்கும்போதே அவள் கேட்டாள்.

“உனக்கு வந்துச்சாப்பா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் கத்துன?”

“நீ சொன்னியே.”

துண்டுக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது.

மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றோம். மீன்கார அக்கா நாலா பக்கமும் மோந்து பார்த்துவிட்டு, “லேசா கீற மாரியும் கீது, இல்லாத மாரியும் கீது” என்றார். அது என்ன என்று கடைசிவரை தெரியவில்லை. ஏதோ ஒரு லாரியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். யாருக்கும் இருமல் வரவில்லை. பக்கத்து பிளாக் பால்கனியிலிருந்து ஒரு ஆள், “இன்னா, மறுக்காவும் பாப்கார்னா?” என்று கத்தினார்.

“ஆமா, பாப்கார்ன்தான்!” என்று நானும் கத்தினேன். “நீயும் எறங்கி வா!”

எங்கள் கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். சீரியல் போச்சு என்றார் ஒருவர். மகள் என் காதருகே வந்து, “ஒண்ணும் இல்ல போலப்பா. எல்லாரையும் எறக்கிட்டேன்” என்றாள்.

“இல்லன்னா நல்லதுதான். மேல போய் அடுப்பப் பத்த வைப்போம். நாளைக்கு வருதுன்னு சொன்னாலும் எறங்குவோம். டெய்லி எறங்குவோம்.”

மேலே வந்தபோது சட்டி ஆறியிருந்தது. பாதி பொரிந்து பாதி கல்லாகக் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு, துடைத்து, புதிதாக எண்ணெய் விட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு நான் ஜன்னலுக்குப் போவதற்குள் மகள் என்னை ஒதுக்கிவிட்டுத் தலையை நீட்டினாள். இந்த வீட்டில் இவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

“மூணாவது மாடி! மறுபடியும் பாப்கார்ன்!”

“போடும்மே!” என்று முதல் மாடியிலிருந்து பதில் வந்தது. “எனுக்கு ஒரு கிண்ணம் எட்த்து வை. உப்பு கம்மியா!”

மூன்று சோளத்தை எண்ணெயில் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் சட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.